குறி: நான்கு

போத்தலருகே பேசக் கூடாது.
மூச்சும் விடக் கூடாது.
டோர்ஸ்ஹவுன் துறைமுகம் கண்ணில் மறையுமுன்னே
ரன்வா சொல்லிக்கொடுத்த முதல் வேலை:
சிசல், முகத்தைத் திருப்பிக்கொள்.

மூவாயிரம் மீட்டர் இறங்கிய கம்பிக்கூடு
நடுங்கிக்கொண்டு தளத்துக்கு ஏறி வருகிறது.
இருபத்து நான்கு குழாய்கள்,
இருபத்து நான்கு ஆழங்கள்,
ஒன்றின் நீர் இன்னொன்றில் கலக்காமல்.
வரிசையில் நிற்கிறோம்.
வாயு தேடுபவர்கள் முதலில்,
கார்பனுக்கு நான் அடுத்து,
உப்புக்காரன் கடைசியில்.
உப்பு எங்கும் ஓடிப்போகாது.

ரப்பர் குழாய் போத்தலின் அடியைத் தொட வேண்டும்.
ஒரு குமிழிகூடக் கூடாது.
நிரம்பி வழிந்து, மறுபடி வழிந்து,
விரல்கள் யாருடையவோ ஆகும்வரை வழிந்தபின்
ஒரு சொட்டுப் பாதரச நஞ்சு.
உள்ளே தின்றுகொண்டும் சுவாசித்துக்கொண்டும் இருப்பவை
கணக்கை மாற்றிவிடாதிருக்க.
கடல் எவ்வளவு விழுங்கியதென்று அறியக்
கையளவு கடலைக் கொல்கிறோம்.
ரன்வா இதைச் சொன்ன குரலில் வருத்தம் இல்லை.
கையுறையை மாற்று என்பாளே, அதே குரல்.

அடியாழத்து நீர் பூஜ்யத்துக்கும் கீழே,
ஆனாலும் உறையாமல்.
பழைய குளிர்பதனப் பெட்டிகளில் கசிந்த வாயு
அதில் எத்தனை என்று பார்த்து
வயது சொல்கிறார்கள்.
யார் வீட்டு மீனோ கெடாமலிருந்த
ஏதோ ஒரு குளிர்காலத்துக் காற்று
கிரீன்லாந்துப் பக்கம் மூழ்கி
இருட்டில் நடந்து
இப்போது என் கையில் சில்லிடுகிறது.

நீருக்குள் போன கரிக்காற்று
காற்றாகவே இருப்பதில்லை.
நூற்றில் ஒன்று அப்படியே நிற்கும்,
மற்றவை வேறு பெயர் பூண்டு
நீரோடு நீராய்த் திரியும்.
கரைக்குத் திரும்பியபின்
அமிலம் ஊற்றிக் கேட்டால்
எல்லாம் ஒப்புக்கொள்ளும்.

மூன்றாம் இரவு, மூன்று மணி பத்து நிமிடம்.
முன்தளத்துக் காற்றை உறிஞ்சும் கருவியில்
கோடு செங்குத்தாக எழுந்தது.
பதினோரு நிமிடம். பிறகு விழுந்தது.

புகைபோக்கியா?
காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.
வால்வா?
கழற்றி மாட்டியாயிற்று.
எரிமலையா என்று கேட்டான் உப்புக்காரன்.
யாரும் சிரிக்கவில்லை.

காலையில் ருபார்ப் ஜாமை வைத்தபடி
சமையற்காரன் எய்துன் சொன்னான்:
நான்தான்.
சனிக்கிழமை க்ளாக்ஸ்விக்கில் கச்சேரி,
எனக்குக் கீழ்க்குரல்,
அறையில் பாடினால் தொர்மோட் பூட்ஸை எறிகிறான்.
அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான்
கொஞ்சம் காற்று மறைவு.

திரும்பிப் போய்க் கோட்டைப் பெரிதாக்கினோம்.
உச்சியில் சின்னச் சின்னப் பற்கள்.
ஒவ்வோர் அடி முடிவிலும்
அவன் மூச்சிழுத்த இடம்.
மூன்றாம் அடியில் மட்டும்
இரண்டு முறை.

எதையும் அழிப்பதில்லை என்பது விதி.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி, அவ்வளவே.
இரண்டு: நல்லது.
மூன்று: ஐயம்.
நான்கு: கெட்டது.
பதினோரு நிமிடத்துக்கும் நான்கு நான்காக அடித்தாள் ரன்வா.
அவன் மூச்சையும் கடல் விழுங்குமா என்றேன்.
அது ரொட்டியிலிருந்து வந்தது,
வயலுக்கே திரும்பிவிடும், கணக்கில் சேராது.
சேர்வது இது என்று
காலால் தளத்தைத் தட்டினாள்.
கீழே இயந்திரம்.
நாளொன்றுக்கு ஆறு டன் டீசல்,
இந்தப் போத்தல்களை நிரப்ப.

அதற்கு என்ன குறி என்று
நான் கேட்கவில்லை.
அவளும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அடுத்த நிலையம். இன்னும் விடியவில்லை.
குழாயைத் திறக்கிறேன்,
முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.
போத்தலின் அடியிலிருந்து
குமிழியில்லாமல் நீர் ஏறுகிறது.
பின்தளத்தில்,
காற்று எங்களை விட்டு விலகும் பக்கத்தில்,
எய்துன் மூன்றாம் அடியில்
மறுபடி பிசகுகிறான்.